சூசைரட்ணம் கங்காணி சொன்ன ஒரு சொல்

நோர்வூட்டிலிருந்து மேலே ஏறி வந்தால் எங்கள் தோட்டம். அங்கே சூசைரட்ணம் கங்காணியைத் தெரியாதவர்கள் இல்லை. ஆள் உயரமில்லை, குரலும் பெரிதில்லை. ஆனால் விடிகாலையில் பெரட்டுக் களத்தில், கழுத்துவரை பொத்தான் போட்ட பழைய கோட்டும் கையில் குடையுமாக அவர் வந்து நின்றால், அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்புகிற இடம் அது. பிந்தி வந்தவர்களை அவர் ஏச மாட்டார். தலையை மட்டும் இரண்டு பக்கமும் ஆட்டுவார். ஆட்டிவிட்டால் அன்றைக்குப் பேர் கிடையாது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அவருடைய வீட்டுக்கு அடுத்த வீடு எங்களுடையது. ஒரே லயத்து வரிசை வீடுகள், ஒரே மாதா கோயில். அதனால் எனக்குச் சலுகை காட்டுவார் என்று நினைத்து நானும் கெஞ்சிப் பார்த்திருக்கிறேன்.

"அண்ணே, பாருங்க, எப்படிப்பட்ட மழை. பாதையெல்லாம் சேறு."

"தங்கச்சி, மழை ஒனக்கு மட்டுமா பேஞ்சிச்சு?" என்பார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே மரவள்ளிக் கிழங்கோ, ஒரு சுண்டு அரிசியோ எங்கள் வாசலில் வந்து வைத்துவிட்டு, கூப்பிடாமல் போய்விடுவார். "காலையில தொரை, பொழுதுபட்டா சாமியாரு" என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். அது அவருக்கும் கேட்கும். சிரிக்க மாட்டார். ஆனால் கோபிக்கவும் மாட்டார்.

அவருடைய சம்சாரம் முதல் பிள்ளைப்பேற்றிலேயே பிள்ளையோடு ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வேறு கல்யாணம் கட்டவில்லை. அவருக்கு உலகத்தில் இருந்தது ஒரே தங்கை, மரியநாயகி. அவளுக்கு ஒரே மகள், ஜொய்சி. மரியநாயகியின் புருஷன் அவர்களை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான். ஜொய்சி படிப்பில் கெட்டிக்காரி. ஹட்டனில் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அவளை காலையில் கீழ் ரோட்டுக்குக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டு, மறுபடியும் மேட்டில் ஏறி ஓடி வருவாள் மரியநாயகி. பஸ் பிந்தினால் பெரட்டும் பிந்தும்.

அண்ணன் தலையை ஆட்டினார். ஒரு நாள் இல்லை, பல நாள்.

"கூடப்பொறந்தவன்னு ஒரு எரக்கம் இல்லையா ஒனக்கு?" என்று களத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"ஒனக்கு எரக்கம் பாத்தா, நாளைக்கு வீரம்மா மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது? அவளுக்கும் புள்ளக்குட்டி இருக்கு" என்றார்.

மரியநாயகி திரும்பி நடந்தாள். அந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு ரயில் ஏறிவிட்டாள். அங்கே ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை செய்து மகளைப் படிக்க வைத்தாள். இவர் கிறிஸ்மஸுக்கு ஆள் மூலம் அனுப்பிய துணிமணி பிரிக்காமலே திரும்பி வந்தது. பிறகு ஒரு தவக்காலத்தில், மரியநாயகி செத்து அடக்கமும் முடிந்துவிட்டது என்று எங்கள் கோயிலில் பூசை வைக்கிற சாமி வந்து சொன்னார். ஜொய்சி மாமாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அன்று இவர் கோயிலுக்குள் போய் முழங்காலில் இருந்தவர், சாமி கதவைச் சாத்த வரும்வரை எழும்பவே இல்லை. ஜொய்சி லோயர் ஆகிவிட்டாள் என்பதும் எங்களுக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரியும்.

இனி திலக்ஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் வீரம்மாவின் மூத்த மகன். எங்கள் லயத்துக்கு எதிர் லயம். கவ்வாத்து வேலைக்கு, அதுதான் தேயிலைச் செடியின் கிளைகளை அறுத்துவிடுகிற வேலைக்கு, வருகிற இளந்தாரிகளில் அவனும் ஒருவன். சிரித்த முகம், நல்ல பாட்டுக் குரல், கொஞ்சம் குடி. ஒரு நாள் காலையில் அவன் பிந்தி வந்தான். கங்காணி வழக்கம்போலத் தலையை ஆட்டினார். திலக்ஷன் அன்று சும்மா போகவில்லை.

"கெழட்டுக் கங்காணி, சொந்தத் தங்கச்சியவே தோட்டத்தை விட்டுத் தொரத்துன ஆளுதானே நீ" என்று கத்தினான்.

கங்காணிக்கு முகம் மாறிவிட்டது. "போடா, எங் கண்ணு முன்னால நிக்காத" என்றார். அவர் அப்படிச் சத்தம் போட்டதை நாங்கள் அன்றுதான் கேட்டோம். திலக்ஷன் ஆற்றுப் பக்கமாக இறங்கிப் போனான்.

சாயங்காலம் ஆற்றோரத்தில் அவனை வெட்டுக் காயங்களோடு பிணமாகக் கண்டெடுத்தார்கள். பக்கத்தில் ஒரு கவ்வாத்துக் கத்தி கிடந்தது. அந்த மாதிரிக் கத்தி எங்கள் தோட்டத்தில் பாதி வீடுகளில் இருக்கும். பொலிஸ் வந்து கங்காணியைக் கூட்டிக்கொண்டு போனது. காலையில் நடந்த சண்டையை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அதைவிடப் பெரிய சாட்சியாக பாண்காரர் வந்தார். ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்க வருகிற சிங்கள மனுஷர் அவர். நல்லவர்; எங்களுக்கெல்லாம் பழக்கம். கொலைக்குப் பிறகு கங்காணி தன் வாயாலேயே ஒத்துக்கொண்டதை அவர் காதால் கேட்டாராம். அப்படித்தான் தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

வழக்கு மேல் நீதிமன்றத்தில் நடந்தது. அவருக்கென்று அரசாங்கம் போட்டுக் கொடுத்த லோயருக்குத் தமிழ் தெரியாது. பேச்செல்லாம் சிங்களத்தில். நான் பின் பெஞ்சில் இருந்தேன். மின்விசிறிச் சத்தத்தில் எனக்கு பாதி கேட்கவில்லை, கேட்டதில் பாதி விளங்கவில்லை. தீர்ப்பு நாளன்று திடீரென்று லைட்டெல்லாம் அணைந்தது, மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். எல்லாரும் எழும்பி நின்றார்கள், நானும் நின்றேன். இருட்டில் நீதிபதி ஏதோ வாசித்தார். பிறகு லைட் வந்தது. வெளியே வந்த பிறகுதான் ஒருவர் சொன்னார்: தூக்குத் தண்டனையை வாசிக்கும்போது அப்படித்தான் விளக்கை அணைப்பார்களாம்.

நாட்டில் பல காலமாக யாரையும் தூக்கில் போட்டதில்லை என்று சாமி ஆறுதல் சொன்னார். ஆனால் அந்த வருஷம்தான், மறுபடியும் தூக்குப் போடப் போகிறார்கள், அந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று டிவியில் ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. கொழும்பு மறியலுக்கு, அதுதான் சிறைக்கு, அவரைப் பார்க்கப் போனேன். மெலிந்து போயிருந்தார்.

"புதுக் கயிறு வருதுன்னு உள்ள பேசிக்கிறாங்க, தங்கச்சி" என்றார். பிறகு கொஞ்சம் சிரித்தார். "அதுவும் பெரட்டு மாதிரி காலங்காத்தாலதானாம். நான் பிந்த மாட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அப்பீல் பண்ண வேண்டுமே அண்ணே என்றேன். "வேணாம்" என்றார். ஏன் என்று கேட்டேன், எழும்பி உள்ளே போய்விட்டார்.

நான் அவரிடம் கேட்காமலே ஜொய்சியைத் தேடிப் போனேன். கொழும்பில் கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடையில், ஒரு மாடியில் அவளுடைய சின்ன அறை. கறுப்புக் கோட்டோடு அவளைப் பார்த்ததும் எனக்கு மரியநாயகியையே பார்த்த மாதிரி இருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்டீ வரவழைத்தாள்; சாயமே இல்லாத வெறும் தண்ணி.

"நம்ம பக்கத்து தேயில கொழும்புக்கு வந்தா இப்படி ஆயிருதா?" என்று, பேச்சைத் தொடங்கத் தெரியாமல் எதையோ சொன்னேன்.

"நாங்களும்தான் இப்படி ஆயிட்டோம், சின்னம்மா" என்றாள். பிறகு அவளே கேட்டாள். "அவருக்காகத்தானே வந்தீங்க? பேப்பர்ல பாத்தேன்."

"ஒன்னய விட்டா அவருக்கு யாரு இருக்கா, சொல்லு."

"எங்கம்மாவுக்கு யாரு இருந்தா?"

டீயைக் குடித்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு மாமான்னு யாரும் இல்ல, சின்னம்மா. ஆனா தூக்குல போடுறது பாவம். யாரைப் போட்டாலும் பாவம். அதுக்காக கேஸைப் படிச்சிப் பாக்குறேன். அவரு செஞ்சிருந்தா, ஆயுள் தண்டனையா மாத்தச் சொல்லிக் கேப்பேன். அதுக்கு மேல என்கிட்ட எதிர்பாக்காதீங்க."

அவ்வளவே போதும் என்று மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

சில வாரம் கழித்து என்னைக் கூட்டிக்கொண்டு மறியலுக்கு வந்தாள். அவளைக் கண்டதும் கங்காணி எழும்பி நின்றுவிட்டார். பெரட்டுக் களத்தில் தொரைக்கு முன்னால் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வந்தியா" என்று மட்டும் கேட்டார். ஜொய்சி அவர் முகத்தைப் பார்க்காமல் காகிதங்களைப் புரட்டினாள்.

"உங்களுக்கு எதிரா இருக்கிறதுலயே பெரிய சாட்சி பாண்காரரு. அவரு சொன்னது உண்மையா பொய்யா?"

"அவரு பொய் பேசுற ஆளு இல்ல."

"அப்ப, கொன்னுட்டேன்னு அவர்கிட்ட நீங்க சொன்னீங்களா?"

"அப்படி எங்க சொன்னேன்? அன்னைக்கி அவன கண்டெடுக்குறதுக்கு முந்தி, பாண் வாங்குற எடத்துல யாரோ, திலக்ஷன் எங்க இன்னைக்கி மலையில காணோம்னு கேட்டாங்க. காலையிலயே அவன வெட்டிட்டேன்னு சொன்னேன். பாண்காரரு பக்கத்துல நின்னாரு. அதத்தான் கோர்ட்டுலயும் தமிழ்ல மாத்திக் கேட்டாங்க, வெட்டிட்டேன்னு சொன்னியான்னு. பைபிள் மேல கைய வச்சிட்டு இல்லேன்னு சொல்ல முடியுமா? ஆமான்னேன்."

ஜொய்சி புரட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

எங்கள் தோட்டத்தில் பேர் கொடுக்காமல் திருப்பி அனுப்புவதை வெட்டுறது என்றுதான் சொல்வோம். செக்ரோலில், அதுதான் வேலைக்கு வந்தவர்களைப் பதிகிற புத்தகத்தில், பேரை வெட்டுவது. 'இன்னைக்கி என்னய வெட்டிட்டாங்க' என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வராத பொம்பளை எங்கள் மலையில் இல்லை. எங்களுக்கு அது அவ்வளவு சாதாரணப் பேச்சு. அதனால்தான் யாருக்கும் அது தோன்றவே இல்லை. பாண்காரருக்குத் தெரிந்தது பாண் விற்கிற தமிழ். அவர் காதில் விழுந்ததைச் சிங்களத்தில் 'கெப்புவா' என்று சொன்னார். அந்தச் சொல்லில் கத்தி மட்டும்தான் இருந்தது, செக்ரோல் இல்லை.

"எங்கம்மா தெனமும் இதத்தான் சொல்லிக்கிட்டு வருவாங்க" என்றாள் ஜொய்சி. "கதவத் தொறக்கும்போதே சொல்லுவாங்க. 'ஒங்க மாமா இன்னைக்கும் என்னய வெட்டிட்டாரு பாப்பா.' கொழும்புக்கு வந்த பெறகும், தூக்கத்துல சொல்லுவாங்க."

கங்காணி இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கோர்ட்டுல இத ஏன் சொல்லல, மாமா?" அவள் வாயில் அந்தச் சொல் வந்தது அப்போதுதான். வந்ததை அவளே கவனிக்கவில்லை.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னாங்க."

"சரி, அது அப்ப. இப்ப ஏன் அப்பீல் வேணாங்குறீங்க?"

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "ரெண்டு வெட்டும் ஒண்ணுதானேம்மா" என்றார். "நான் அன்னைக்கி அவன வெட்டாம விட்டிருந்தா அவன் எங்கூட மலையில நின்னிருப்பான். ஆத்துப் பக்கம் போயிருக்க மாட்டான். ஒங்கம்மாவ வெட்டாம விட்டிருந்தா அவ எங்கள விட்டுப் போயிருக்க மாட்டா. நீதிபதி இது தெரியாமத்தான் எழுதுனாரு. ஆனா எழுதுனது சரின்னு எனக்கு உள்ளுக்குள்ள பட்டிச்சு."

ஜொய்சி காகிதங்களைப் பைக்குள் வைத்தாள். "பாவத்துக்கு சாமிகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க. கோர்ட்டு அதுக்கு இல்ல" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் வெளியே வந்ததும் மதில் ஓரமாக நின்று, கோட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, மனதுக்குள் செபமாலை சொன்னேன்.

மேன்முறையீட்டு நீதிமன்றம் அவளுடைய பேச்சைக் கேட்டு, தீர்ப்பை ரத்துச் செய்து, வழக்கை மறுபடியும் விசாரிக்கச் சொன்னது. அதற்கே நாளாகிவிட்டது. தூக்குப் பேச்சும் அதற்குள் டிவியில் அடங்கிவிட்டது. ஆனாலும் மறுபடி குற்றவாளி என்று வந்தால் மறுபடியும் விளக்கை அணைப்பார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இந்த முறை என்னைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினாள் ஜொய்சி.

"இந்த மனுஷர் உங்களை எப்போதாவது வெட்டியிருக்கிறாரா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்றேன். "நெறைய தடவ."

மொழிபெயர்ப்பவர் அதைச் சிங்களத்தில் சொன்னதும் நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் முழுசாகத்தான் நின்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஜொய்சி அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். சொன்னேன். எனக்குப் பின்னால் எங்கள் தோட்டத்துப் பொம்பளைகள் இன்னும் சிலர் ஏறி, தங்களையும் வெட்டியதைச் சொன்னார்கள். அவர்களில் சிலர் கங்காணிமேல் கோபத்தோடுதான் சொன்னார்கள். அந்தக் கோபமே அவருக்கு நன்மையாக முடிந்தது.

பாண்காரரையும் கூப்பிட்டார்கள். தமிழ் எவ்வளவு தெரியும் என்று ஜொய்சி சிங்களத்தில் மெதுவாகக் கேட்டாள். ராத்தல் பாண், பணிஸ், நாளைக்குக் காசு தாரேன், இவ்வளவுதான் தெரியும் என்றார். கூண்டை விட்டு இறங்கியவர் நேரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நங்கி, நான் கேட்டதத்தானே சொன்னேன்" என்றார் சிங்களத்தில், என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு. "தெரியும் முதலாளி" என்றேன்.

கங்காணியை விட்டுவிட்டார்கள். அன்று விளக்கு அணையவில்லை. அவர் கூண்டிலிருந்து இறங்கி, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

ஜொய்சி தன்னுடைய காரிலேயே எங்களைத் தோட்டத்துக்குக் கூட்டி வந்தாள். வழியெல்லாம் மழை. லயத்தடியில் இறங்கியபோது ஊரே வந்து நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீரம்மா முன்னால் வந்தாள். திலக்ஷனின் தாய். இத்தனை காலமும் எங்கள் லயத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பிடி மண்ணை அள்ளி கங்காணியின் மூடிய கதவில் வீசிவிட்டுப் போனவள். இன்றைக்கு என்ன செய்வாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அவள் ஒன்றும் செய்யவில்லை. அவருக்கு நேரே நின்று பார்த்தாள்.

"நீங்க இல்லையாமே."

"இல்ல, வீரம்மா."

"அப்ப யாரு?"

கங்காணி ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இத்தன நாளும் ஏசுறதுக்கு ஒரு ஆளாவது இருந்துச்சு. அந்தாளு தூக்குல தொங்குவான்னு நெனச்சித்தான் வேலைக்குப் போனேன், சோறு தின்னேன்" என்றாள் வீரம்மா. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிறகு ஜொய்சியின் பக்கம் திரும்பினாள். "நீ படிச்ச புள்ள. ஒங்க மாமன வெளிய எடுத்துட்ட. எம்மகன வெட்டுனவனக் கண்டுபுடிக்க நான் எந்தக் கோர்ட்டுக்கு போகணும், சொல்லு?"

ஜொய்சி பொலிஸ் மறுபடியும் விசாரிக்க வேண்டும், மனுக் கொடுக்கலாம், நான் எழுதித் தருகிறேன் என்று ஏதோ சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் தேய்ந்தது. இத்தனை காலம் கழித்து அந்த ஆற்றோரத்தில் எதைத் தேட முடியும் என்று அவளுக்குத் தெரியும். வீரம்மாவுக்கும் தெரியும். "சரி, எழுதித் தா" என்று சொல்லிவிட்டு, அவள் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. ஜொய்சி மாமாவின் வீட்டுக்குள் வரவில்லை. நான் டீ போடுகிறேன் என்றேன், பிறகு பார்க்கலாம் என்றாள். கார் கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"அம்மாவோட கல்லறைக்குப் போகணும்னு அவரு கேட்டா எனக்கு போன் பண்ணுங்க, சின்னம்மா. கூட வருவேன்னு சொல்லல. எடத்தக் காட்டிவிடுறேன்."

கார் திருப்பத்தில் மறைந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது கங்காணி அவருடைய வீட்டு வாசலில் இல்லை. எதிர் லயத்தில், வீரம்மாவின் சாத்திய கதவுக்கு முன்னால், நனைந்த படியில் உட்கார்ந்திருந்தார். மழை அவர் தலையில் விழுந்தது. "வாங்கண்ணே, சளி புடிக்கும்" என்று கூப்பிட்டேன். அவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

நான் என் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். அரிக்கன் லாம்பு ஏற்றுகிற நேரமாகியிருக்கும். வீரம்மாவின் கதவு கொஞ்சமாகத் திறந்தது. அவள் வெளியே வரவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. மலைக்கு இடுப்பில் கட்டிப் போகிற படங்குச் சாக்கை எடுத்து அவர் பக்கமாக வெளியே எறிந்துவிட்டு, மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் அதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, அங்கேயே இருந்தார்.